இருபத்துமூன்று ஓம்

அத்தியாயம் 3

"மேடம், இது கடிதமா, லொத்தர் டிக்கட்டா?"

ஸஹாப்தீன் அந்தத் தாள் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தான். பின்பக்கம் வெறுமை. முன்பக்கம் பென்சிலால் எழுதிய ஐந்தே வரிகள்.

230
10
23 ஓம்
2300
20 ?

"அது வாக்குமூலம்" என்றார் கனகசபாபதி.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி வீடு. கனகசபாபதி சுங்கத்தில் முப்பது வருஷம் மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், பழக்கம் அல்ல. மகள் மிதுனாவுக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். மணவறையில் அவள் கழுத்தில் கிடக்க வேண்டிய அட்டியல், தாய் யோகேஸ்வரி தன் கல்யாணத்துக்கு அணிந்த அதே கல் அட்டியல், அலுமாரிக்குள் இருந்து காணாமல் போயிருந்தது.

காணாமல் போன நாள் வியாழக்கிழமை, இருபத்துமூன்றாம் திகதி. அன்று பகல் இரண்டு மணிக்குக் குடும்பம் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு விஷயம் பேசப் போய், ஐந்து மணிக்குத் திரும்பியது. வீட்டில் இருந்தது வேலைக்கு நிற்கும் அனுஷியா மட்டும். மறுநாள் கனகசபாபதி அவளுடைய பையைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியில் இந்தத் தாளைக் கண்டெடுத்தார். என்ன இது என்று கேட்டதற்கு அவள் வாய் திறக்கவில்லை. இன்று சனிக்கிழமை. மூன்று மணிக்குள் அட்டியல் வராவிட்டால் தாளும் தானும் பொலிஸுக்குப் போவதாக அவர் அறிவித்திருந்தார். இப்போது பதினொன்றே கால்.

நேசமலரை அழைத்தது யோகேஸ்வரி. கணவருக்குச் சொல்லாமல்தான் அழைத்தாள். துப்பறிய ஒருத்தி தன் வீட்டுக்குள் வந்தது கனகசபாபதிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குள் தேத்தண்ணி கொடுத்தாகிவிட்டது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர்களை வெளியே போகச் சொல்லும் அளவுக்கு அவர் இன்னும் கெட்டுப்போகவில்லை.

நேசமலர் அதை மிக மெதுவாகக் குடித்தாள். புதுக்கடை நீதிமன்றத்தில் பதினெட்டு வருஷம் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் அவள். மனிதர்கள் மூன்று மொழியிலும் ஒரே மாதிரிப் பொய் சொல்வதைக் கேட்டு அலுத்துப்போய், வேலையை விட்டு, ஒரு புடைவைக்கடைக்கு மேல் மாடியில் விசாரணை நிலையம் என்று பலகை மாட்டினாள். ஸஹாப்தீன் அந்த நிலையத்தின் உதவியாளன், சாரதி, வாய். முன்பு முச்சக்கர வண்டி ஓட்டினான். இப்போதும் அதே வண்டிதான், நேசமலருக்கு மட்டும் மீட்டர் போடுவதில்லை.

"எப்பிடி வாக்குமூலம்?" என்று கேட்டாள் நேசமலர்.

கனகசபாபதி மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார். இந்தக் கேள்விக்காக நேற்றிலிருந்தே காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"230 எண்டா ரெண்டரை மணி. நாங்கள் வீட்டில இல்லாத நேரம். 10 எண்டா பத்து நிமிஷ வேலை. 23 ஓம். இருபத்துமூண்டாம் திகதி, ஓம், சம்மதம். 2300 எண்டா இரவு பதினொரு மணி, அவளின்ர ஊர்ப் பக்கம் போற ஹட்டன் பஸ். ஆரோ வெளியில நிண்ட கூட்டாளியோட கதைச்சு எழுதினது."

"கடைசியில இருக்கிற இருபது?"

"இருபது பவுன்."

"ஒன்பதரை" என்றாள் யோகேஸ்வரி, குசினி வாசலில் நின்றபடி.

"அவளுக்கு எங்க தெரியும்? அதுதான் கேள்விக்குறி போட்டிருக்கிறாள்."

ஸஹாப்தீன் தாளை மரியாதையோடு மேசையில் வைத்தான். "சேர் சுங்கத்திலயும் இப்பிடித்தான் வாசிச்சீங்களா? அப்ப இந்த நாட்டுக்குள்ள ஒரு பிஸ்கட் பக்கெட்டும் வந்திரிக்காதே."

கனகசபாபதி பதில் சொல்வதற்குள் உள்ளறைக் கதவு திறந்து, கழுத்தில் துவாயோடு மகன் கார்த்திகன் வந்தான். தங்கையின் கல்யாணத்துக்கு டொரொண்டோவிலிருந்து வந்து மூன்று கிழமை. வியாழக்கிழமை மதியத்திலிருந்து இரவு வரை ஹெவ்லொக் டவுனில் ஒரு சிநேகிதன் வீட்டில் இருந்ததாகக் கேட்காமலே சொன்னான். பொலிஸ் எல்லாம் தேவையில்லை, கல்யாண வீட்டில் அது அபசகுனம், எங்கேயாவது துணிக்கிடையில் கிடக்கும் என்று தகப்பனுக்குப் புத்தியும் சொன்னான். நல்ல பிள்ளை என்று யோகேஸ்வரி அவனைப் பார்த்தாள்.

பேச்சை மாற்ற நினைத்தானோ என்னவோ, பிறகு ஸஹாப்தீனிடம் வீட்டைப் பற்றிக் குறைப்பட்டான். "இஞ்ச ஒண்டும் ஒழுங்கா வேலை செய்யாது அண்ணை. வந்ததுக்கு ஒரே ஒருநாள் பகல்ல ஹீட்டர் போட்டுக் குளிச்சனான். பாதியில பச்சைத் தண்ணி. தலை முழுக்கச் சோப்போட நிண்டனான்."

"கொழும்பு வெயில்ல பட்டப்பகல்ல சுடுதண்ணியா?" என்றான் ஸஹாப்தீன். "தம்பி, பைப்பைத் திறந்தாலே தேத்தண்ணி போடலாமே."

நேசமலர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். குசினிக்குப் போகும் வழியில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. 'ஒரு நேரத்தில் ஒரு ஹீட்டர் மட்டுமே. க. ச.' என்று வட்டமான எழுத்து. லைட் பில் கூடிய வீடுகளில் இப்படி ஒரு அறிவித்தல் இருப்பது வழக்கம், கையெழுத்து இருப்பதுதான் புதிது. அவள் அதை வாசித்துவிட்டு நடந்தாள்.

அனுஷியா குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், மூடாத பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது, மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. அழுது முடித்த முகம். எழுந்து நின்றவளை உட்காரச் சொல்லி, நேசமலர் தானும் அரிசி வாளி ஒன்றின் மூடியில் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை முழுக்க வீட்டிலா என்று கேட்டாள். "ஆமாங்க" என்றாள் அனுஷியா. தாள் உன்னுடையதா என்றதற்கும் ஆமாங்க. எழுதியது நீயா என்றதற்கும் ஆமாங்க. நகையை எடுத்தாயா என்று கேட்டபோது மட்டும் தலையை நிமிர்த்தி, இல்லீங்க என்றாள்.

"இந்த வீட்டில எல்லாரும் ஓம் எண்டுதானே சொல்லுறவை. நீ சொல்லுறேல்லையோ?"

அந்தப் பிள்ளைக்கு இது என்ன கேள்வி என்று விளங்கவில்லை. வந்த புதிதில் ஐயா ஏசினார், ஓம் என்று சொல்லப் பழகு என்றார், ஒன்றரை வருஷமாகியும் நாக்கு திரும்பவில்லை என்று சொன்னாள். "வாயில வரவே மாட்டேங்குதுங்க."

"வாயில வராத சொல்லு பென்சில்ல மட்டும் எப்பிடி வந்தது?"

அனுஷியா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு கூட்டாளிக்கு நீ சம்மதம் எழுதினா, 23 ஆமா எண்டுதான் எழுதியிருப்பாய். இது சம்மதம் இல்லை. இது என்ன ஓம்?"

"அது கரண்ட் ஓமுங்க" என்றாள் அனுஷியா. சொன்னதும் அழுகை திரும்ப வந்துவிட்டது.

மெதுவாகத்தான் சொன்னாள். சனிக்கிழமைகளில் பின்நேரம் மட்டக்குளியில் இருக்கும் சின்னம்மா சீனியம்மாவைப் பார்க்கப் போவதாக இந்த வீட்டில் சொல்லிவிட்டு, ஒன்பது மாதமாகக் கொட்டாஞ்சேனையில் எலக்ட்ரீஷியன் வகுப்புக்குப் போகிறாள். சொன்னால் விடமாட்டார்கள் என்ற பயம். வீட்டில் உள்ள ஒரு சாமானை அளந்து, அதன் தடையும் வலுவும் எவ்வளவு என்று கணக்குப் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் ஹீட்டரை அளந்தாள். அதுதான் தாள். கடைசிச் செய்முறைச் சோதனை இன்றைக்கு நாலரை மணிக்கு. தவறினால் அடுத்தது எட்டு மாதம் கழித்துத்தான். பொலிஸுக்கு இழுத்துக்கொண்டு போனால் அதற்குப் பிறகும் யார் கூப்பிடப்போகிறார்கள் என்று கேட்டாள். களவு எடுத்தவள் என்று பேர் வந்தவளை எந்த வீட்டில் ஏணி வைத்து ஏறவிடுவார்கள்.

நேசமலருக்கு மனம் கனத்தது. "அப்ப இந்த இருபது?" என்று கேட்டாள்.

அனுஷியாவின் கண் தானாக மேலே போனது. அறைக்கு வெளியே, ஒடுங்கிய நடைபாதையான பின்பக்க ஓடையின் சுவரில் மெயின் போர்ட் இருந்தது. உடனே பையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்னறையில் கனகசபாபதி கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கரண்ட் வேலையா, இவளா என்றார். யோகேஸ்வரி, போன மாதம் கிரைண்டரைத் திருத்தியது யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் சிரிப்பை நிறுத்தினார், ஆனால் இறங்கி வரவில்லை. வகுப்பு நடத்துகிறவர் சொல்லட்டும், எழுத்தில் சொல்லட்டும், மூன்று மணிக்குள் சொல்லட்டும் என்றார். வகுப்பு நடத்துகிறவரின் தொலைபேசி, சோதனை நாள் என்பதால், நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"வண்டியை எடு" என்றாள் நேசமலர்.

மெரைன் டிரைவ் வழியாகப் போகும்போது ஸஹாப்தீன் தன் ஐயத்தைச் சொன்னான். நகையைக் காணோம் என்று கூப்பிட்டால் நகைக்கடைக்குப் போவதுதான் முறை, கணக்கு வாத்தியாரிடம் போகிற துப்பறிவாளரை அவன் இதுவரை கண்டதில்லை.

"அந்தப் பிள்ளை இருபதுக்குப் பயப்பிடுது" என்றாள் நேசமலர். "களவெடுத்த ஆள் நகையைப் பற்றிக் கேட்டாப் பயப்பிடும். இவள் நகைக்குப் பயப்பிடேல்லை. மெயின் போர்டைப் பார்த்துப் பயப்பிடுறாள்."

"எங்கட வீட்டிலயும் மாசக் கடைசில எல்லாரும் அதைப் பாத்துத்தான் பயப்பிடுற" என்றான் ஸஹாப்தீன்.

கொட்டாஞ்சேனையில், பெயின்ட் கடை ஒன்றுக்கு மேல் இருந்தது அந்த வகுப்பு. நீள மேசைகளில் வயர்களும் சுவிட்சுகளும் பரப்பிக் கிடக்க, காலையில் வந்த ஆறு பேர் வியர்த்து வியர்த்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார்கள். இருளப்பன் நடுவே நின்றார். நாற்பது வயது, சட்டைப் பையில் மூன்று டெஸ்டர். அனுஷியாவின் பெயரைக் கேட்டதும், நாலரைக்கு வருவாள்தானே, ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டார். வகுப்பிலேயே கை சுத்தமான ஆள் அவள் என்றார். வேலையில் கை சுத்தம் என்று அவர் சொன்னதை நேசமலர் தன் மனதில் வேறு மாதிரியும் எழுதி வைத்துக்கொண்டாள்.

தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கரும்பலகைக்குப் போனார்.

"சனங்க எல்லாத்துக்கும் கரண்ட்னுதான் சொல்லுவாங்க. கரண்ட் வந்திருச்சு, கரண்ட் போயிருச்சு, கரண்ட் அடிச்சிருச்சு. உள்ளுக்குள்ள மூணு ஆள் இருக்காங்க. வோல்ட்டுங்கிறவன் பின்னால நின்னு தள்ளுறவன். நம்ம வீடுகள்ல 230. அம்பியர்ங்கிறது தள்ளுனதுல ஓடுற கூட்டம். இங்க பத்து. ஓமுங்கிறவன் வழியில குறுக்க நிக்கிறவன். அவன்தான் தடை. தள்ளுறவனை ஓடுற கூட்டத்தால பிரிச்சா, குறுக்க நிக்கிறவன் எவ்வளவுன்னு வந்திரும்."

230ஐப் பத்தால் பிரித்து 23 ஓம் என்று எழுதினார். பிறகு 230ஐப் பத்தால் பெருக்கி 2300 வோட்ஸ் என்று எழுதி, பக்கத்தில் வலு என்றும் எழுதினார்.

"மேடத்துட ஊர்ல வலு எண்டா ரொம்ப எண்டுதானே அர்த்தம்" என்றான் ஸஹாப்தீன். "வலு சோக்கு, வலு தூரம். இங்க ரொம்ப எவ்வளவு எண்டு நம்பரே போட்டுக் குடுக்கிறாங்க."

இருளப்பன் சிரித்தார். பத்து அம்பியர் இழுக்கிற, 2300 வோட்ஸ் ஹீட்டர், சாதாரண வீட்டு ஹீட்டர்தான், கணக்கும் சரி என்றார். ஆனால் கடைசி வரிக்கு வந்ததும் அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இருபதா? அளந்துக்கிட்டு இருக்கிறப்பவே பத்து இருபதாயிருச்சுன்னு எழுதியிருக்கு போல. கேள்விக்குறி வேற."

"மீட்டர் பிழை செய்யுமோ? இவள் ஏதும் உடைச்சிருப்பாளோ?"

அதற்கு வழியே இல்லை என்றார் அவர். அவளுக்குக் கொடுத்தது கிளாம்ப் மீட்டர். வயரை வெட்டாமல், தோலை உரிக்காமல், சும்மா சுற்றிக் கட்டிப்பிடித்துப் பார்க்கிற மீட்டர். அதனால் ஒன்றும் உடையாது. தள்ளுகிறவன் அதே 230. கூட்டம் இரட்டித்திருந்தால் தடை பாதியாகியிருக்க வேண்டும், பதினொன்றரை ஓம். ஹீட்டரின் தடை தானாகச் சரிபாதியாகாது.

"அப்பிடிப் பாதியாகணும்னா ஒரே வழிதாங்க. அதே மாதிரி இன்னொரு ஹீட்டரை, அதே லைன்ல, யாராச்சும் போட்டிருக்கணும்."

நேசமலர் கரும்பலகைக்குக் கிட்டப் போனாள். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ சாட்சிகளை மொழிபெயர்த்திருக்கிறாள். இப்படி ஒரு சாட்சி, சத்தியம் பண்ணாமல், ஒரு எண்ணாக வந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"யாராச்சும்" என்று திருப்பிச் சொன்னாள். "இது அம்பியர் இல்லை, ஸஹாப்தீன். இது ஒரு ஆள்."

இருளப்பன் வகுப்பின் தலைப்பிட்ட தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, சுவரில் தொங்கிய கிளாம்ப் மீட்டர் ஒன்றையும் கையில் கொடுத்தார். நாலரைக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, சோதிக்க வருகிறவர் வெளியிலிருந்து வருகிறார் என்றும் சொன்னார்.

வெள்ளவத்தை வீட்டுக்கு அவர்கள் திரும்பியபோது இரண்டே முக்கால். கனகசபாபதி நீளக் காற்சட்டை மாட்டி, குடையும் கையுமாக நின்றார். தாளைக் கொண்டுபோகப் பிளாஸ்டிக் உறைகூட எடுத்து வைத்திருந்தார். இருளப்பனின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். படிக்கிறவள் களவெடுக்க மாட்டாள் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"பத்து நிமிஷம் தாங்கோ" என்றாள் நேசமலர். "உங்கட கணக்கிலயும் பத்து நிமிஷ வேலைதானே."

அனுஷியாவின் கையில் மீட்டரைக் கொடுத்து, வியாழக்கிழமை செய்ததைத் திரும்பச் செய்யச் சொன்னாள். எல்லோரும் பின்பக்க ஓடையில் கூடினார்கள். கார்த்திகனும் வந்தான், கூப்பிட்டதால். அனுஷியா போர்டின் மூடியைத் திறந்து மீட்டரை வயரில் மாட்டினாள். பொதுக் குளியலறை ஹீட்டரைப் போட்டார்கள். மீட்டர் பத்து காட்டியது.

"இதோட நான் எழுதி முடிச்சிட்டேங்க" என்றாள். "கழட்டப் போறப்ப..."

நேசமலர் கண் காட்ட, ஸஹாப்தீன் முன்பக்கம் போய், கார்த்திகனின் அறையோடு சேர்ந்த குளியலறை ஹீட்டரைப் போட்டான். போர்டுக்கு முன்னால் யாரும் எதையும் தொடவில்லை. மீட்டர் இருபது காட்டியது.

"இதேதாங்க" என்றாள் அனுஷியா. சத்தம் தாழ்ந்திருந்தது. "கொஞ்ச நேரத்துல ட்ரிப் விழுந்திருச்சு. நான்தான் எதையோ உடைச்சிட்டேன்னு நெனச்சேன். அரை மணித்தியாலம் கிட்டப் போகவே பயந்து உக்காந்திருந்தேன். ஐயா கேட்டப்ப அதைத்தான் கண்டுபிடிச்சிட்டாருன்னு..."

அதற்குள் ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. மீட்டர் பூச்சியத்துக்குப் போனது.

"ரெண்டு ஹீட்டருக்கும் ஒரே ட்ரிப்" என்றார் கனகசபாபதி, தன்னையறியாமல். "அதுதானே நான் அறிவித்தல் போட்டனான். இந்த வீட்டில எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள் நேசமலர். "அப்ப வியாழக்கிழமை ரெண்டு மணிக்குப் பிறகு, நீங்கள் ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்து, பின்பக்கம் நிண்ட பிள்ளைக்குக் கேக்காமல் முன்கதவைத் திறப்புப் போட்டுத் திறந்து வந்து, மற்ற ஹீட்டரைப் போட்டது ஆர்? களவெடுக்க வாற ஆள் குளிக்கிறேல்லை. அதுவும் சுடுதண்ணியில குளிக்கிறேல்லை. இந்த வெயிலுக்குப் பட்டப்பகல்ல சுடுதண்ணி கேக்கிறது வெளிநாட்டில இருந்து வந்தவை மட்டும்தான்."

கீழே கடலோரம் ரயில் ஒன்று போனது.

"அனுஷியா, இந்த மூண்டு கிழமையில ட்ரிப் எத்தினை தரம் விழுந்தது?"

"ஒரே தரந்தாங்க. அன்னைக்கு மட்டும்."

நேசமலர் கார்த்திகனைப் பார்த்தாள். "தம்பியும் ஒரே ஒருநாள்தான் தலையில சோப்போட நிண்டவர்."

கார்த்திகன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஸஹாப்தீன் ஓடைக்குத் திரும்பி வந்து நிலைமையைப் பார்த்தான். "நகை எடுக்க வந்த எடத்தில குளிச்சிட்டுப் போன மொத ஆள் நீங்கதான் தம்பி" என்றான்.

எடுக்கவில்லை, ஒருநாள் இரவல்தான் என்றான் கார்த்திகன். அதே மாதிரி ஒரு அட்டியல் செய்விக்க, செட்டியார் தெருவில் ஒரு பட்டறையில் மாதிரிக்குக் கொடுத்திருக்கிறான். அன்று மாலையே திருப்பித் தருவதாகச் சொன்ன பட்டறைக்காரர் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார். அதற்குள் வீட்டில் அமளி. இன்று காலை பட்டறையிலிருந்து செய்தி வந்துவிட்டது. கொண்டுவந்து துணிக்கிடையில் வைத்துவிட்டு, கிடைத்துவிட்டது என்று தானே கூப்பிடலாம் என்று இருந்தானாம்.

"ஆருக்கு மற்ற அட்டியல்?" என்று கேட்டாள் யோகேஸ்வரி.

கார்த்திகன் நிலத்தைப் பார்த்தபடி பேசினான். டொரொண்டோவில் ஒருத்தி இருக்கிறாள், கல்யாணம் முடியட்டும் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன் என்றான். பெயரைக் கேட்டார்கள்.

"ஷிஹாரா."

முஸ்லிம் பிள்ளை என்று விளங்கியதும் கனகசபாபதி குடையை ஊன்றியபடி, அனுஷியாவின் அறை வாசலுக்குள் இருந்த அரிசி வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"கவலைப்படாதீங்க சேர்" என்றான் ஸஹாப்தீன் மிகுந்த பரிவோடு. "அந்தப் புள்ளேட வாப்பாவும் இந்நேரம் இப்பிடித்தான் எங்கயாவது உக்காந்திருப்பாரு."

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நேசமலர் சிரிக்கவில்லை. அவள் கார்த்திகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூண்டு மணிக்குப் பொலிஸுக்குப் போறதெண்டு அப்பா சொல்லேக்க நீர் பக்கத்தில நிண்டனீர். உம்மட காதலைச் சொல்ல உமக்குப் பயம். சரி. அந்தப் பயத்தை ரெண்டு நாள் சுமந்தது ஆர்?" என்று கேட்டாள். கார்த்திகன் அனுஷியாவின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டான். அவள் போர்டின் மூடியை மாட்டிக்கொண்டிருந்ததால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டறைக்குப் போய் அட்டியலை வாங்கி வருவதற்குத் தாயே மகனோடு புறப்பட்டாள். அவன் தனியாகப் போனால் வழியில் எங்கேயாவது குளித்துவிட்டு வருவான் என்றாள்.

மணி மூன்று பத்து. அனுஷியா தன் அறைக்குள் போய், பையைத் தூக்கிக்கொண்டு வந்து, கனகசபாபதியின் முன்னால் வைத்தாள். அவர் நேற்றுத் திறந்து கலைத்தபடியே அது கிடந்தது.

"ஐயாதானே திறந்தீங்க" என்றாள். "ஐயாவே மூடிக் குடுங்க."

முப்பது வருஷம் பெட்டி திறந்தவருக்கு மூடுகிற வேலை பழக்கமில்லை. உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். இழுத்து மூடும்போது பையின் சிப்பு இரண்டு தரம் துணியில் சிக்கியது. குனிந்திருந்ததால் அவர் கண் கலங்கியதை யாரும் நேராகப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. நான் செய்தது பெரிய பிழை பிள்ளை என்றார். அந்தத் தாளையும் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து அவளிடம் கொடுத்தார். கதவுவரை கூடவே வந்தார்.

கீழே ஸஹாப்தீன் வண்டியை முடுக்கும் சத்தம் கேட்டது. கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணித்தியாலம் தாராளம்.

"சோதினை முடிஞ்சு இஞ்சதானே வருவாய்?" என்றார் கனகசபாபதி. "அம்மாவும் தேடுவா. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போ, பிள்ளை."

அனுஷியா செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"ஐயா, நான் படிச்சதுல ஓம்னா தடைதானுங்க."

அவள் படியில் இறங்கிப் போனாள். கனகசபாபதி விளங்காமல் நேசமலரைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் எல்லோருடைய பேச்சையும் மொழிபெயர்த்துக் கொடுத்தவள், அந்த ஒரு வரியை மட்டும் அவரே யோசித்து விளங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினாள்.